சக்கைத் தரை

திண்டுக்கல் பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளை ஒட்டிய சந்துகளில் நடந்தால் தரை காலுக்குக் கீழே லேசாக அமுங்கி எழும். வெளியூரிலிருந்து சம்பந்தம் பேச வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை மிதித்துப் பார்த்து, “என்ன பாய், தெருவுக்கே மெத்தை போட்டு வச்சிருக்கீக?” என்று கேட்டதுண்டு.

கேலி இல்லை, மெத்தைதான். தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டை வேண்டும். சுற்றுவட்டாரத்துக் காடுகளில் உரித்துக் காயவைத்து வண்டி வண்டியாகக் கொண்டுவருவார்கள். அதை இடித்துத் தண்ணீரில் போட்டால் பட்டையின் துவர்ப்பு தண்ணீரில் இறங்கும். அந்தத் தண்ணீரில் கிடக்கும் தோல் துவர்ப்பைக் குடித்துக் கெட்டிப்படும், பிறகு அழுகாது. வாழைப்பூ நறுக்கினால் விரல் கறுத்து இழுத்துப் பிடிக்கிறதே, அதே சங்கதி. துவர்ப்பு போன பிறகு மிஞ்சுவது செம்பழுப்புச் சக்கை. கொஞ்சம் அடுப்பெரிக்கப் போகும். மீதியைப் பழைய குழிகளிலும் பள்ளங்களிலும் கொட்டுவார்கள். வருஷக்கணக்காகக் கொட்டி மேடான இடத்தில், மேலே ஒரு சாண் செம்மண் போட்டு இடித்து, ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் வீடு கட்டிக்கொண்டார்கள்.

இந்தத் தரைக்கு ஒரு குணம் உண்டு. பாறைமேல் உலக்கையைப் போட்டால் சத்தம் எழும், பாறை அசையாது. சக்கைத் தரையில் ஒரு வீட்டில் மாவு இடித்தால் மூன்றாவது வீட்டில் அடுக்கிவைத்த ஈயப் பாத்திரம் கிணுகிணுக்கும். யார் வீட்டில் இடிக்கிறார்கள் என்பதை உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடுகிற பெண்கள் அந்தச் சந்தில் இருந்தார்கள்.

போதாததற்கு ட்ரம் வேறு. இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மரப் பீப்பாயைப் படுக்கவைத்தாற்போல இருக்கும். உள்ளே முழ நீளத்துக்கு மர முளைகள். தோலையும் பட்டைத் தண்ணீரையும் போட்டு மூடிச் சுற்றவிட்டால், முளைகள் தோலை உச்சிவரை தூக்கிக்கொண்டுபோய்க் கீழே போடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஈரத் தோல் மூட்டையாக விழும்போது ‘தொம்’ என்று ஒரு சத்தம். ஆயில் இஞ்சின் பெல்ட் போட்டு அதைச் சுற்றும். காலையில் ஓட ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை தெருவே அந்தத் ‘தொம்’மின்மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

சௌகத் அலி அந்த ட்ரம்முக்கு ஆள். தோல் போடுவது, பட்டைத் தண்ணீர் ஊற்றுவது, பதம் பார்ப்பது எல்லாம் அவன்தான். அவனுடைய வீடு ஷாப்புச் சுவரிலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டிருந்தது. வீட்டில் அவனும், மனைவி ரம்ஜான் பீவியும், அவனைத் தூக்கி வளர்த்த அக்கா ஷரீஃபாவும், ஐந்து வயது மகள் சைதூனும். ஐம்பத்தெட்டாம் வருஷம் அது.

சைதூன் பேசவில்லை.

அழுவாள், சிரிப்பாள், தொண்டைக்குள் ஏதோ ஒலி எழுப்புவாள். வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டுவாள். அத்தா, அம்மா என்று ஒரு சொல் வந்ததில்லை. ஒரு வயதில் கடுமையான காய்ச்சல் ஒன்று வந்துபோனது. பிள்ளை பிழைத்ததே பெரிது என்று அப்போது எல்லாரும் அல்லாவுக்கு ஷுக்ரு சொன்னார்கள்.

காதில்தான் கோளாறோ என்ற எண்ணம் முதலில் வராமல் இல்லை. பள்ளிவாசல் அசரத்து வந்து, பிள்ளைக்குப் பின்னால் நின்று, கைத்தடியால் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். சைதூன் சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள். “காதுல பழுதில்ல. நாக்குலதான் கட்டு இருக்கு” என்றார். அதற்குப் பிறகு அந்தச் சந்தில் அதைச் சோதித்துப் பார்க்காதவர்கள் இல்லை. கதவை அறைந்தால் திரும்பினாள். குடத்தைக் கீழே போட்டால் திரும்பினாள். காலையில் ட்ரம் ஓட ஆரம்பித்தால், தூங்கிக்கொண்டிருக்கிறவள் எழுந்து போய்ச் சுவரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

“அவளுக்குப் பாம்புக்காதுடி” என்பாள் ஷரீஃபா. ஷரீஃபா கனத்த உடம்புக்காரி, கனத்த நடை. “நான் தெருமுக்குல வாரப்பவே வாசல்ல வந்து நிக்கிறா. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா மட்டும் கேக்காதாம். அம்புட்டும் கொழுப்பு.”

கொழுப்பு என்று நினைத்துச் சில சமயம் அடித்தும் இருக்கிறாள். அடித்துவிட்டு, அன்றைக்குச் சோற்றில் கறித்துண்டை நாலு கூடுதலாக வைப்பாள்.

ரம்ஜான் பீவி துஆவை விடவில்லை. அசரத்து பீங்கான் தட்டில் குங்குமப்பூக் கரைசலால் குர்ஆன் ஆயத்து எழுதிக் கொடுத்ததைக் கழுவிக் குடிக்கவைத்தாள். நாக்கில் தேன் தடவினாள். யாசீன் ஓதினாள். ஐந்து வேளைத் தொழுகைக்குப் பின்னாலும் கையை ஏந்தினாள். முதல் வருஷம், ‘என் புள்ள எல்லாப் புள்ளையும் மாதிரிப் பேசணும்’ என்று கேட்டாள். மறுவருஷம், ‘ஒரே ஒரு வார்த்தை. அம்மான்னு’ என்றாள். இப்போது, ‘அம்மான்னுகூட வேணாம் ரப்பே, “தா”ன்னு கேட்டாப் போதும். சோத்தக் காட்டி, தா. அம்புட்டுத்தான்’ என்று கேட்டாள். கேட்பதைச் சின்னதாக்கினால் கிடைப்பது சுலபமாகும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. பதில் சின்னதாகக்கூட வரவில்லை.

அந்த மாசியில் ஷரீஃபா ஒரு முடிவுக்கு வந்தாள். கீழக்கரைப் பக்கம் கடலோரத்தில் ஒரு தர்கா. வெளியூரிலிருந்து வந்து அங்கே தங்கி ஓதுகிற ஒரு முஸாபரின் சம்சாரம், இப்படிப்பட்ட பிள்ளைகளை ஒரு வருஷம் தன்னிடம் வைத்துப் பார்த்துக்கொள்கிறாளாம். தாய் தகப்பன் கூட இருக்கக்கூடாது, இருந்தால் பிள்ளை பிடிவாதத்தை விடாது என்று சொன்னாளாம். ஷரீஃபா ஆள் அனுப்பி நாளும் பேசி வைத்துவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை.

சௌகத் அலி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தான். கை முழங்கைவரை பட்டைக்கறை. சோறும் பருப்பும், கத்தரிக்காய் வெஞ்சனமும்.

“நீங்க என்ன சொன்னீக அக்காகிட்ட?” என்றாள் ரம்ஜான் பீவி.

“நான் என்னத்தச் சொல்ல. அக்கா சொல்லிருச்சு.”

“வாய் பேசாத புள்ளைய, யாருன்னு தெரியாத ஊர்ல ஒரு வருஷம் விட்டுட்டு வந்து இங்க உக்காந்து சோறு திம்பீகளா?”

அவன் பிசைந்த கையை நிறுத்தினான். “பசிச்சாக் கேக்கத் தெரியாதேன்னுதான் எனக்கும்... ஆனா அக்கா கெட்டது நினைக்குமா?”

“நினைக்காது. நல்லதுன்னு நினைச்சுத்தான் கழுத்த நெரிக்குது.”

“மெதுவாப் பேசு.”

“ட்ரம்மு ஓடுறப்ப இங்க யாருக்குக் கேக்கப் போகுது?” என்றவள் குரலைத் தணித்துக்கொண்டாள். “நாலு வருசமாக் கேக்குறேன். ஒரு நாளு ஒரு வக்துத் தொழுகை விட்டிருப்பேனா? அல்லா கேக்குறானா இல்லையா?”

“தோல ட்ரம்முல போட்ட மறுநாளே எடுத்தா வெளிய செவப்பாத்தான் இருக்கும். ஓரத்துல ஒரு நறுக்கு நறுக்கிப் பாத்தா நடுவுல வெள்ளையா ஒரு கோடு தெரியும். பச்சத்தோலு. அந்தக் கோடு மறையிற வரைக்கும் சுத்தவிடணும். துஆவும்...”

“என் புள்ள தோலு இல்ல” என்றாள் ரம்ஜான் பீவி.

அவன் சோற்றை ஒரு கவளமாக உருட்டித் தட்டிலேயே வைத்தான். பிறகு, “நீ வேணா ரெண்டு நாளு கீரனூருக்கு உங்கண்ணன் வீட்டுக்குப் போய்ட்டு வா. மச்சான்கிட்டப் புள்ளையக் காட்டிட்டு வரட்டும்னு அக்காட்ட நான் சொல்றேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்துரு” என்றான். அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

கீரனூருக்குப் பழனி போய் வேறு பஸ் மாறவேண்டும். ஒட்டன்சத்திரத்தில் பஸ்ஸின் தலையில் காய்கறிக் கூடைகள் ஏறின. சைதூன் ஜன்னல் கம்பியைக் கடித்துக்கொண்டு, இஞ்சின் உறுமும்போதெல்லாம் அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

ரம்ஜான் பீவியின் அண்ணன் அப்துல் வாஹித் கிராமங்களில் பச்சைத்தோல் வாங்கித் திண்டுக்கல்லுக்கு அனுப்புகிறவர். அவருடைய வீட்டுக்குப் பின்னால், வேலியைத் தாண்டினால் ஒரு பெரிய பாறை. மனிதர் யாரும் கொத்திச் சமன்செய்யாமலே தோசைக்கல் போலத் தட்டையாகக் கிடந்தது. கருப்பணன் என்ற விவசாயியும் அவர் சம்சாரம் பழனியம்மாளும் அதைத்தான் களமாக வைத்திருந்தார்கள். மண்களம் என்றால் வருஷாவருஷம் சாணம் போட்டு மெழுகவேண்டும். மண்ணும் தானியத்தோடு கலக்கும். பாறைக்களத்தில் கூட்டி அள்ளினால் சோளம் முத்துமுத்தாக வரும்.

சோளக்கதிரை முழங்கால் உயரத்துக்கு வட்டமாகப் பரப்பி, ஒரு ஜோடி மாட்டைப் பூட்டி, அதன்மேல் கல் உருளையை இழுப்பார்கள். உருளை கதிரை நசுக்காது. கதிர் மெத்தென்று கிடப்பதால் அழுத்தித் தேய்த்துத் தானியத்தை மட்டும் உதிர்க்கும். கதிர் மெத்தையின்மேல் போகிறதாகையால் அவ்வளவு பெரிய கல்லுக்குப் பெரிதாகச் சத்தமும் இருக்காது. சரசரவென்று ஒரு ஒலி, மாட்டின் கழுத்துமணி, ஓட்டுகிறவரின் அதட்டல். அவ்வளவுதான்.

வந்த மறுநாள் காலை, ரம்ஜான் பீவி வேலியோரம் நின்று பழனியம்மாளோடு பேசிக்கொண்டிருந்தாள். பழனியம்மாள் கொடுத்த சோளச்சோற்று உருண்டையும் மோரும் கையில். சைதூன் பாறையில் தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள். ஓரமாகச் சிதறிய மணிகளைப் பொறுக்கிக்கொண்டே, யாரும் கவனிக்காத நேரத்தில் கதிர் வட்டத்துக்குள் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள்.

கருப்பணன் மாடுகளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். இரண்டு மாட்டு உடம்பும் மறைத்ததால் அவருக்குப் பிள்ளை தெரியவில்லை.

“கண்ணு, எந்திரி!” என்று முதலில் கத்தியது பழனியம்மாள். “சைதூன்!” என்று ரம்ஜான் பீவி கத்தினாள். மணிச்சத்தம் பிள்ளையின் முதுகுக்கு நேரே வந்துகொண்டிருந்தது. சைதூன் ஒரு கதிரைக் கையில் வைத்து, உதிர்ந்த பல் எண்ணுகிறவள் போல ஒவ்வொரு மணியாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பழனியம்மாள் களம் கூட்டுகிற வாரியலைப் போட்டுவிட்டு ஓடி, மாட்டின் மூக்குக்கு முன்னால் பிள்ளையை அள்ளி, இரண்டு பேருமாக அப்பால் விழுந்தார்கள். கருப்பணன் மூக்கணாங்கயிற்றை இழுத்து நிறுத்தினார். நிறுத்தியும் உருளை இன்னும் ஒரு முழம் உருண்டுபோய்த்தான் நின்றது.

சைதூனுக்குப் பயம்கூட இல்லை. தூக்கியதும் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.

கருப்பணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “ஏனுங்க அம்முணி, இம்புட்டு நேரம் மணியடிச்சுட்டு வர்றேன், புள்ள அசையவே இல்லீங்களே?” என்றார்.

ரம்ஜான் பீவி பிள்ளையை வாங்கிக் கட்டிக்கொண்டாள். “பிடிவாதம்ங்க. கூப்பிட்டாத் திரும்பாது. ஜின்னு ஏதோ பிடிச்சிருக்குன்னு...”

பழனியம்மாள் முழங்கையில் சிராய்ப்பைத் தடவிக்கொண்டே, “பிடிவாதக்காரப் புள்ள மாடு மிதிக்க வந்தாலும் உக்காந்திருக்குமுங்களா?” என்றாள். “புள்ளைக்குக் காது கேக்கலீங்க.”

“கேக்கும்க்கா! ட்ரம்மு ஓடுனா தூக்கத்துலருந்து முழிச்சிரும். கதவு சாத்துனாத் திரும்பும். எங்க மதினி தெருமுக்குல வந்தாலே தெரிஞ்சிரும்.”

“அது எனக்குத் தெரியாதுங்க. இப்பக் கேக்கல. நீங்களே பாருங்க.”

ரம்ஜான் பீவிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நாலு வருஷமாக ஊரே சோதித்ததை இந்த அம்மாள் ஒரு நிமிஷத்தில் மாற்றிச் சொல்வதா? பிள்ளையைப் பாறையில் இறக்கி, கையில் கதிரைக் கொடுத்து உட்காரவைத்தாள். மோர்ச் செம்பைக் காலிசெய்து, பின்னால் போய் நின்று, ஒரு கல்லால் அதைத் தட்டினாள். கணீர் என்றது. வேலியில் இருந்த காக்கை பறந்தது. சைதூன் திரும்பவில்லை. காதுக்கு இன்னும் பக்கத்தில் போய்த் தட்டினாள். திரும்பவில்லை. “சைதூன், சைதூன், என் தங்கமே” என்று குனிந்து பின்னங்கழுத்துக்கருகில் கத்தினாள். மூச்சுக்காற்று பட்டதும் பிள்ளை கழுத்தைக் கூசிக்கொண்டு திரும்பி, அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

ரம்ஜான் பீவி செம்பைப் பிடித்தபடியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு ஒரேயடியாக விளங்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. அசரத்து தட்டியது கைத்தடியால், தரையில். குடம் விழுந்ததும் தரையில். கதவை அறைந்தால் சுவர் அதிரும். மதினியின் நடை. ட்ரம். பிள்ளை ட்ரம்மைக் கேட்கச் சுவரில் காதை வைத்ததே இல்லை, கையைத்தான் வைத்தது. வீட்டில் யாரும் தரையைத் தொடாமல் பிள்ளையைக் கூப்பிட்டது பேரைச் சொல்லி மட்டும்தான். அதற்கு மட்டும்தான் அவள் திரும்பியதில்லை.

எழுந்து இரண்டு காலாலும் பாறையில் குதித்துப் பார்த்தாள். குதிகால் வலித்ததே தவிர, பாறை எதையும் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

“அழுவாதீங்க அம்முணி” என்றாள் பழனியம்மாள்.

“அழலக்கா.” கண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. “என் புள்ள என்னைய வேணும்னு ஒதுக்கலக்கா. நான் கூப்பிட்டு அவ வராம இருந்ததே இல்ல. நான் கூப்பிட்டதே அவளுக்குப் போய்ச் சேரல.”

“அதுக்கு ஏனுங்க அழுவறது?”

“தெரியலையே” என்று சொல்லி, ரம்ஜான் பீவி சிரிக்கவும் செய்தாள். பிறகு, “நான் நாலு வருசமா நாக்கத் திறன்னு கேட்டேன். நாக்கு பூட்டியே இல்ல. தப்பானதத்தான் கேட்டிருக்கேன்” என்றாள்.

பழனியம்மாள் வாரியலை எடுத்துச் சிதறிய கதிரை வட்டத்துக்குள் தள்ளிக்கொண்டே, “நாங்களுந்தான் வருசா வருசம் பழனியாண்டவன்கிட்ட மழையக் கேக்கறோமுங்க. போன வருசம் பேஞ்ச மழையில இருந்த கதிரும் சாஞ்சு போச்சு. கேக்கறது நம்ம சோலி. நாமெல்லாம் பாத்துக் கணக்காக் கேக்கற ஆளுங்களா?” என்றாள். கருப்பணன் மாட்டை ஓட்டினார். வேலை நின்றால் வெயில் ஏறிவிடும்.

சங்கதியைக் கேட்டதும் அப்துல் வாஹித் செம்பை வாங்கித் தானும் இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். நம்பிய பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். “பாளையங்கோட்டையில இந்த மாதிரிப் புள்ளைகளுக்குன்னே பள்ளிக்கூடம் இருக்கும்மா. தோல் விசயமாப் போனப்ப வாசல்ல நின்னு பாத்திருக்கேன். காது கேக்காத புள்ளைக அம்புட்டும் எழுதுதுக, படிக்குதுக. உதட்டப் பாத்தே பேச்சப் புடிச்சிக்கிருதுக. நம்ம சைதூனுக்குக் காது கேக்குதுன்னுல்ல நானும் இருந்தேன்!”

சனிக்கிழமை அண்ணனும் சேர்ந்து மூன்று பேருமாகத் திண்டுக்கல் வந்து இறங்கினார்கள். வீட்டு நடையில் ஷரீஃபா கட்டிவைத்த மூட்டை இருந்தது. சைதூனுக்கு இரண்டு கவுன், ஒரு போர்வை, வழிக்குப் பொரிவிளங்காய் உருண்டை.

விஷயத்தைச் சொன்னதும் ஷரீஃபா ஒப்புக்கொள்ளவில்லை.

“அடி போடி. போகாம இருக்க நீ கட்டுன கதையா இது? இந்தா பாரு.” குதிகாலால் தரையில் ஒரு இடி இடித்தாள். முற்றத்தில் முதுகைக் காட்டி நின்ற சைதூன் உடனே திரும்பினாள். “கேக்குதா இல்லையா?”

“தரையத் தொடாமக் கூப்பிடுங்க மதினி.”

“சைதூன்!” என்றாள் ஷரீஃபா. ஷாப்பில் ட்ரம் ஓடும்போதே அடுத்த சந்துவரை போகிற குரல். சைதூன் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏடி சைதூன்! மாமி கூப்புடுறேன்ல?” ஷரீஃபா செம்பை எடுத்துத் தட்டினாள். கையைத் தட்டினாள். கடைசியில் இன்னொரு தடவை குதிகாலை, இப்போது மெதுவாக, தரையில் வைத்தாள். சைதூன் திரும்பிச் சிரித்தாள்.

ஷரீஃபா தன் வலக்கையைத் தூக்கிப் பார்த்தாள். “யா அல்லா. இந்தக் கையால அடிச்சேனே.”

அஸர் தொழுகை நேரமாகியிருந்தது. ரம்ஜான் பீவி கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு, சுவரோரம் பாயை விரித்துத் தொழுதாள். ஸஜ்தாவில் நெற்றி தரையில் பட்டதும், சுவருக்கு அந்தப்புறம் ட்ரம்மில் தோல் விழுவது நெற்றி எலும்பு வழியாக மண்டைக்குள் வந்தது. தொம். தினமும் ஐந்து வேளை இதே தரையில் நெற்றியை வைத்தவள்தான். ட்ரம் ஓடுகிற நேரமெல்லாம் அது வந்துகொண்டுதான் இருந்திருக்கும். காதிலும் அதே சத்தம் இருந்ததால் இது தனி என்று தெரியவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மறுபடி நெற்றியை வைத்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. தொழுகையாயிற்றே என்று அடக்கிக்கொண்டாள். முடித்து ஸலாம் கொடுத்ததும் அதைத்தான் முதலில் செய்தாள். காதைப் பொத்தினால் தெரு போய்விட்டது, இஞ்சின் போய்விட்டது. தொம் மட்டும் இருந்தது. இவ்வளவுதான் மகளுக்கு உலகத்தின் சத்தம் என்று தெரிந்தபோது, இவ்வளவாவது இருக்கிறதே என்றும் இருந்தது.

பிறகு கையை ஏந்தினாள். வழக்கமான வார்த்தைகள் வாயில் வந்து நின்றுவிட்டன. நாக்கைத் திற என்று இனிக் கேட்க முடியாது. வேறு என்ன கேட்பது என்று இன்னும் தெரியவில்லை. வெறுங்கையாக, ஒன்றும் கேட்காமல் கொஞ்ச நேரம் ஏந்திக்கொண்டிருந்தாள். கேட்காமல் இருந்தது பாரம் இறக்கிவைத்தாற்போல இருந்தது.

ட்ரம் நின்ற பிறகு சௌகத் அலி வந்தான். மச்சான் சொல்லக் கேட்டு முற்றத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையால் தரையைத் தட்டுவதும் மகள் திரும்புவதும், மறுபடி தட்டுவதும் திரும்புவதுமாக இருந்தான். ட்ரம்மைச் சுற்றவிட்டவனே அவன்தான். அவனுக்கு இது எட்டாமல் போனதை நினைத்து வெட்கமும், ஞாயிற்றுக்கிழமைப் பயணம் நின்றுபோனதில் சந்தோஷமும் மாறிமாறி முகத்தில் வந்தன.

“நாலு வருசம் தப்பாக் கேட்டிருக்கேன்” என்றாள் ரம்ஜான் பீவி. “நான்தான் தப்பாக் கேட்டேன். எது தப்புன்னு அல்லாவுக்குத் தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க.”

“தெரியாமயா? அதான் உன்னையக் கீரனூருக்கு அனுப்பிச்சான்.”

“அனுப்பிச்சது நீங்க. அக்காளுக்குப் பயந்துக்கிட்டு.”

“என்னைய அனுப்பச் சொன்னது அவன்னு வச்சுக்கயேன்.”

“அப்ப மாட்டுக்கு முன்னால கொண்டுபோய் உக்காரவச்சதும் அவனா?”

சௌகத் அலி தலையைச் சொறிந்தான். “நம்ம புள்ளையக் கூப்புட காலால தட்டணும்னு நமக்கு நாலு வருசம் தெரியல. அவனக் கூப்புட எதத் தட்டணும்னு இன்னும் தெரியல போல” என்றான்.

“தவுபா! தவுபா!” என்று அடுப்படியிலிருந்து ஷரீஃபாவின் குரல் வந்தது. “வாயக் கழுவுடா. அவனுக்குக் கறுப்பு எறும்பு நடக்குறதும் கேக்கும்.”

“கேக்கட்டும்” என்றாள் ரம்ஜான் பீவி. “அது போதும் எனக்கு. சொல்றத அவன் இஷ்டத்துக்குச் சொல்லிக்கிரட்டும். நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்.” அவள் குரலில் குறை இருந்தது, ஆனால் கசப்பு இல்லை.

அப்துல் வாஹித் பாளையங்கோட்டைக்குக் கடிதம் எழுதிக் கேட்பதாகவும், அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் காட்டிவிட வேண்டும் என்றும் பேச்சானது. இரண்டு வருஷம் போனால் பிள்ளையை எடுத்துக்கொள்வார்களாம். லீவுக்கு லீவு வீட்டுக்கு வரலாமாம். “அதுவும் பிரிவுதானே” என்றான் சௌகத் அலி. “அங்க அவளுக்குப் பசிச்சாக் கேக்கக் கத்துக்குடுப்பாங்கல்ல” என்றாள் ரம்ஜான் பீவி.

நடையிலிருந்த மூட்டையை ஷரீஃபா அவிழ்த்துப்போட்டிருந்தாள். அன்றைக்கு அவள் சமையல். தேங்காய் அரைத்து ஊற்றிய ஆட்டுக்கறிக் குழம்பு. தட்டுகளை வைத்துவிட்டு, பிள்ளையைக் கூப்பிடப் போனாள்.

காலைத் தூக்கியவள், தட்டாமலே கீழே வைத்தாள். சுற்றிக்கொண்டு பிள்ளைக்கு முன்னால் போனாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அந்த உடம்போடு மெல்ல மெல்ல இறங்கி, சைதூனின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். அடிக்க வருகிறாளோ என்று பிள்ளை ஒரு நொடி தோளைக் குறுக்கியது. அதைப் பார்த்து ஷரீஃபாவின் உதடு கோணியது. சமாளித்துக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து, “சோறு” என்றாள்.

சைதூன் அந்த வாயையே பார்த்தாள். கையை நீட்டி மாமியின் உதட்டைத் தொட்டாள். விரல் நழுவித் தொண்டைக்குழிக்கு வந்தது.

“சோறு” என்றாள் ஷரீஃபா மறுபடியும்.

பிள்ளையின் கண் விரிந்தது. கையைச் சட்டென்று எடுத்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டது. பிறகு இரண்டு கையையும் சேர்த்து மாமியின் தொண்டையில் அழுத்தமாக வைத்து, இன்னொரு தடவை என்பதுபோல முகத்தைப் பார்த்தது.

“சோறு” என்றாள் ஷரீஃபா. “சோறு. சோறுடி என் ராசாத்தி. சோறு.”

குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் அவர்களை அவசரப்படுத்தவில்லை.